பண்ணைக் கருவிகளுக்கு வானலை நேரத்தைப் பங்கிடும் முறை

வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சுவதன் அவசியத்தை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நீர் கொஞ்சமாகவும் வயல்கள் பலவாகவும் இருக்குமிடத்தில் முறையின்றிப் பாய்ச்சினால், தலைமடையில் நீர் நிரம்பி வழிய, கடைமடையில் பயிர் காயும். இதனைத் தடுக்கவே நீர் முறை ஏற்பட்டது. இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று பங்கு வகுத்து, அந்நேரம் கழிந்தவுடன் மடையை அடைத்து அடுத்தவருக்குத் திறந்துவிடுவது அம்முறையின் சாரம்.

இப்போது பண்ணைகளிலும் கிராம அலுவலகங்களிலும் மற்றொரு பொதுப் பொருளையும் இவ்வாறு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலை வந்திருக்கிறது. அது வானலை. கம்பியின்றித் தகவல் அனுப்பும் வைஃபைக் கருவிகள் யாவும் ஒரே வானலையைத்தான் பயன்படுத்துகின்றன. அவற்றுள் சிலவற்றிற்கு ஓர் ஆன்டெனாவே உண்டு, சிலவற்றிற்கு இரண்டு, சிலவற்றிற்கு நான்கு. திறமையில் இவ்வளவு வேறுபட்ட கருவிகளை ஒரே வலையில் சேர்க்கும்போது, வானலையை எவ்வாறு பங்கிடுவது என்பதை அறியாமையால் நல்ல கருவிகளும் பயனற்றுப்போவதுண்டு. பணம் கொடுத்து அதிக வேகமுள்ள இணைப்பை வாங்கியும் வேலை மந்தமாகவே நடப்பதாகச் சொல்லப்படும் குறைகளில் பலவற்றிற்கு, இணைப்பைத் தரும் கம்பெனி காரணமன்று. வீட்டினுள் நடக்கும் பங்கீட்டுக் குறையே காரணம்.

பண்ணையில் உள்ள கருவிகள்

ஒரு சாதாரணப் பண்ணை வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே இணையத்தைப் பெற்று வானலையில் பரப்பும் ரூட்டர் என்னும் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆன்டெனாக்கள் உண்டு. வீட்டார் கைப்பேசிகளில் விலையுயர்ந்தவற்றிற்கு இரண்டு ஆன்டெனாக்களும், விலை குறைந்தவற்றுள் பலவற்றிற்கு ஒன்றும் இருக்கும். களத்தைக் காவல் காக்கும் காமிராக்களில் மலிவானவற்றிற்கும், மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும் உணர்கருவிக்கும், பம்புசெட்டை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிக்கும் பெரும்பாலும் ஒரே ஆன்டெனாதான். உதாரணமாக, இத்தகைய சிறு கருவிகள் பலவற்றில் காணப்படும் ஈ.எஸ்.பி. 8266 என்னும் சிப்பு, ஓர் ஆன்டெனாவைக் கொண்டு 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் மட்டும் வேலை செய்வது.

இக்கருவிகளை ஏளனமாகக் கருதலாகாது. விலை குறைவு, மின்சாரச் செலவு குறைவு என்னும் காரணங்களால்தான் அவை வயலுக்கு வந்திருக்கின்றன. வீட்டிலிருக்கும் நான்கு ஆன்டெனாக் கருவி அரைமணி நேரம் நின்றுபோனால் பெரிய நஷ்டமில்லை. ஓர் ஆன்டெனாவுடைய பம்புசெட்டுக் கருவிக்கு “நிறுத்து” என்னும் உத்தரவு உரிய நேரத்தில் போய்ச் சேராவிடில் நீரும் மின்சாரமும் வீணாகும். கிணறு வற்றியபின் மோட்டார் ஓடிப் பழுதாவதும் கூடும். ஆகவே, சிறிய கருவியைக் கைவிடாமலும், அதன் பொருட்டுப் பெரிய கருவிகளை முடக்காமலும் வலையை நடத்துவதே வேண்டுவது.

ஆன்டெனாக்கள் அதிகமாவதால் வரும் நன்மை

2009-ஆம் ஆண்டில் ஏற்பட்ட 802.11-என் என்னும் வைஃபை நெறியின்படி, ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் நான்கு தகவல் தாரைகள் வரையில் அனுப்பலாம். அனுப்பும் பக்கத்தில் பல ஆன்டெனாக்களும் வாங்கும் பக்கத்தில் பல ஆன்டெனாக்களும் இருந்தால், அலைகள் சுவரிலும் மரத்திலும் பட்டு வெவ்வேறு வழியாக வந்து சேர்வதைக்கொண்டு, வாங்கும் கருவி தாரைகளைத் தனித்தனியே பிரித்தறிகிறது.

இங்கே முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விதி ஒன்று உண்டு. தாரைகளின் எண்ணிக்கை, இருபக்க ஆன்டெனாக்களில் எது குறைவோ அதற்கு மேற்படாது. நான்கு ஆன்டெனா உள்ள பெட்டி, ஓர் ஆன்டெனா உள்ள உணர்கருவிக்கு ஒரு தாரையைத்தான் அனுப்பமுடியும். 20 மெகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் 802.11-என் நெறிப்படி ஒரு தாரையின் உச்ச வேகம் விநாடிக்கு 72.2 மெகாபிட், இரண்டு தாரைக்கு 144.4, நான்கு தாரைக்கு 288.9. ஆகையால், பெட்டியின்மேல் நான்கு கொம்புகள் நிற்பதைக் கண்டு, எல்லாக் கருவிகளும் நான்கு மடங்கு வேகம் பெறும் என்று எண்ணுவது தவறு.

ஆயினும் அதிகப்படியான ஆன்டெனாக்கள் வீண் என்றும் கொள்ளலாகாது. வயலிலிருந்து மெலிந்து வரும் அலையை நான்கு ஆன்டெனாக்கள் சேர்ந்து வாங்கினால், ஒன்று வாங்குவதைப்போல் நான்கு மடங்கு வரையில் வலிமையுள்ளதாக அதனைத் திரட்டலாம். தடையில்லாத திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். எனவே, நான்கு ஆன்டெனாப் பெட்டியானது, அனுகூலமான நிலையில், சிறு கருவியின் குரலைச் சுமார் இரண்டு மடங்கு தூரத்திலிருந்து கேட்க வல்லது. வேகம் கூடாவிடினும் எட்டும் தூரம் கூடுகிறது. வயலுக்கு வேண்டியது பெரும்பாலும் அதுவே.

ஒரு சமயத்தில் ஒருவரே பேசலாம்

வைஃபை வலையில் ஓர் அலைவரிசையில் பொதுவாக ஒரு சமயத்தில் ஒரு கருவியே பேசமுடியும். இரண்டு ஒருங்கே பேசினால் இரண்டும் கெடும். ஆகவே ஒவ்வொரு கருவியும் முதலில் செவிகொடுத்துக் கேட்டு, வானலை அமைதியாயிருந்தால் சிறிது பொறுத்துப் பின் பேசுகிறது. இம்முறையில் எல்லாக் கருவிகளுக்கும் பேசும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் கிடைக்கும். இது நியாயமாகத் தோன்றும். ஆனால் இதில் ஒரு குறை மறைந்திருக்கிறது.

சமமாகக் கிடைப்பது பேசும் முறைகளின் எண்ணிக்கையேயன்றி, பேசும் நேரமன்று. வேகமுள்ள கருவி ஒரு பொட்டலத் தகவலை நொடிப்பொழுதில் சொல்லி முடிக்கிறது. மந்தமான கருவி அதே பொட்டலத்தைச் சொல்வதற்கு அதைப்போல் பத்து மடங்கு, இருபது மடங்கு நேரம் வானலையைப் பிடித்துக்கொள்கிறது. வாய்க்கால் முறையில், ‘ஆளுக்கு இத்தனை மணி’ என்பதை விடுத்து, ‘ஆளுக்கு ஒரு வயல் நிரம்பும்வரை’ என்று வைத்தால் என்ன நேரிடுமோ அதுவே இங்கும் நேரிடுகிறது. மணற்பாங்கான கடைமடை வயல் நிரம்பும்வரையில் மற்றவர் அனைவரும் காத்து நிற்கவேண்டும்.

2003-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகர ஆராய்ச்சியாளர்கள் இக்குறையைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அக்காலத்து வைஃபையின் உச்ச வேகம் 11 மெகாபிட். அத்தகைய வேகத்தில் பேசும் கருவிகளின் நடுவே 1 மெகாபிட் வேகமுள்ள ஒரே ஒரு கருவி ஓயாமல் பேசத் தொடங்கினால், மற்றவையும் 1 மெகாபிட்டுக்குக் கீழாகத் தாழ்ந்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஒரு கணக்கு

இதனைப் பண்ணைக் கருவிகளைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்கு எளிதாயிருத்தற்பொருட்டு, ஒவ்வொரு பொட்டலத்திற்கும் ஆகும் முகவுரைச் செலவையும், கேட்டுப் பொறுக்கும் நேரத்தையும் விட்டுவிடுவோம். உண்மையில் கிடைக்கும் வேகங்கள் இங்குக் காட்டியவற்றைவிடக் குறைவாகவே இருக்கும். விகிதம் மட்டும் விளங்கினால் போதும்.

இரண்டு ஆன்டெனா உள்ள கைப்பேசி ஒன்று பெட்டிக்கு அருகில் 144.4 மெகாபிட் வேகத்தில் இருக்கிறது. ஓர் ஆன்டெனா உள்ள காமிரா ஒன்று அதற்கருகிலேயே 72.2 மெகாபிட் வேகத்தில் இருக்கிறது. இரண்டும் முறைக்கு ஒரு பொட்டலமாகப் பேசினால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 48 மெகாபிட் கிடைக்கும். இதனால் பெரிய கேடு இல்லை. ஆன்டெனா எண்ணிக்கையில் உள்ள வேற்றுமை மட்டும் வலையைக் கெடுத்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

இனி அக்காமிராவைக் களத்து மேட்டில் கொண்டுபோய் மாட்டுவோம். தூரத்தாலும் இடையிலுள்ள மரங்களாலும் அலை மெலிகிறது. காமிராவின் ஒற்றை ஆன்டெனாவுக்கு அலை ஒரு வழியிலிருந்து கெட்டால், மறுவழியில் வாங்கிச் சரிசெய்துகொள்ளத் துணையில்லை. எனவே அதன் வேகம் 802.11-என் நெறியின் கடைசிப் படியாகிய 7.2 மெகாபிட்டுக்கு இறங்குகிறது. இப்போது கைப்பேசி ஒரு பங்கு நேரத்தில் சொல்லும் செய்தியைச் சொல்லக் காமிராவுக்கு இருபது பங்கு நேரம் வேண்டும். முறைக்கு ஒரு பொட்டலம் என்னும் வழக்கப்படி, 21 பங்கு நேரத்தில் 20 பங்கைக் காமிராவே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 6.9 மெகாபிட். கைப்பேசி தன் திறமையில் இருபதில் ஒரு பங்குகூடப் பெறவில்லை. இரண்டும் சேர்ந்து கொண்டுசென்றது 14 மெகாபிட்டுக்கும் குறைவு.

நேரத்தைச் சமமாகப் பகிர்ந்தால், கைப்பேசிக்கு 72.2 மெகாபிட்டும் காமிராவுக்கு 3.6 மெகாபிட்டும் கிடைக்கும். மொத்தம் சுமார் 76 மெகாபிட். காமிரா இழந்தது பாதிக்குச் சற்றுக் குறைவு. கைப்பேசிக்குக் கிடைத்ததோ முன்னைப்போல் பத்து மடங்குக்கு மேல். காவல் காமிராவைத் தக்கபடி அமைத்தால் அதற்கு 2 மெகாபிட் போதுமாதலால், அதற்கும் உண்மையில் குறையொன்றுமில்லை.

நேரப் பங்கீடு

இவ்வாறு முறைகளின் எண்ணிக்கையைப் பகிராமல் நேரத்தைப் பகிர்வதற்கு ‘ஏர்டைம் ஃபேர்னஸ்’ என்று பெயர். ரூட்டர்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்கிறது. சிலவற்றில் அது அணைக்கப்பட்டே வரும். அமைப்புப் பக்கத்தில் தேடித் திறந்துவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்துக் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தாரும் அவர்களுடன் சேர்ந்தோரும் லினக்ஸ் என்னும் பொது மென்பொருளில் இதற்கான வழியை அமைத்து, அதன் பலனை வெளியிட்டார்கள். பொட்டலங்கள் பெட்டிக்குள் நீண்ட வரிசையாகத் தேங்கி நின்று காலதாமதம் ஆவதையும் அவர்கள் முறை பெரிதும் குறைத்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனி வரிசை வைத்து, தன் நேரப் பங்கைச் செலவிட்டுவிட்ட கருவியை நிறுத்தி, அடுத்ததற்கு மடை திறப்பதே அம்முறை.

இதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். பெட்டி தான் அனுப்புவதை அளந்து அனுப்பமுடியும். காமிரா தானாகப் பேசத் தொடங்குவதை அது நேராகத் தடுக்க இயலாது. காமிராவோ வாங்குவதைவிட அனுப்புவதே அதிகம். ஆகையால் காமிராவின் படத் தெளிவையும், விநாடிக்கு இத்தனை படம் என்னும் எண்ணிக்கையையும் காமிராவின் அமைப்பிலேயே குறைத்துவைக்க வேண்டும். கம்பி இழுக்கக்கூடிய தூரமாயின் காமிராவைக் கம்பியிலேயே இணைத்துவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம்.

கடைமடைக்குச் சலுகை

நேரத்தைச் சமமாக வகுத்தால் கடைமடைக்கு அநியாயமாகாதோ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பஞ்சாப், ஹரியானாப் பகுதிகளில் வழங்கும் வாராபந்தி என்னும் நீர் முறையில், வாரத்தின் 168 மணி நேரத்தை நிலத்தின் பரப்புக்குத் தக்கபடி பங்கிடுகிறார்கள். அங்கும், காய்ந்து கிடக்கும் வாய்க்கால் நிரம்பி நீர் வயலை எட்டுவதற்குப் பிடிக்கும் நேரத்தை, ‘பராயி’ என்று தனியே கணக்கிட்டு உரியவருக்குக் கூட்டிக்கொடுப்பது வழக்கம். நேரமே அளவுகோல் என்னும் விதியைக் கெடுக்காமல், தேவையறிந்து சலுகை செய்வது அது.

வானலையிலும் அவ்வாறே செய்யலாம். சில ரூட்டர் மென்பொருள்களில் குறிப்பிட்ட கருவிக்கு நேரப் பங்கை அதிகமாக்கும் ஏற்பாடு உண்டு. அது இல்லாத பெட்டிகளிலும் செய்தியின் முக்கியத்தைக் கொண்டு முதன்மை தரும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும். 2005-ஆம் ஆண்டில் ஏற்பட்ட 802.11-ஈ நெறியின்படி, செய்திகள் பேச்சு, காட்சி, சாதாரணம், பின்வரிசை என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. பம்புசெட்டு உத்தரவை மேல் வகுப்பிலும், கைப்பேசிகள் இரவில் தாமாக இறக்கிக்கொள்ளும் மென்பொருள்களைப் பின்வரிசையிலும் வைக்கலாம். பம்புசெட்டு உத்தரவு மிகச் சிறிய செய்தியாதலால், அதற்கு முதலிடம் கொடுப்பதால் மற்றவர்க்கு நஷ்டம் நேராது.

கருவிகள் ஆன்டெனாவை மூடிவைக்கும் வழக்கம்

இரண்டு ஆன்டெனா உள்ள கருவியும் எப்பொழுதும் இரண்டையும் திறந்துவைத்திருப்பதில்லை. பேட்டரியைச் சிக்கனம் செய்ய ஒன்றை மூடிவிட்டு, அதைப் பெட்டிக்கு அறிவித்துவிடும். இதற்கு இரண்டு வகை உண்டு. முதல் வகையில், தனக்கு ஒரு தாரையே அனுப்பும்படி கருவி கேட்டுக்கொள்கிறது. இரண்டாவது வகையில், பெட்டி முதலில் சிறு முன்னறிவிப்பு ஒன்றை அனுப்ப, கருவி விழித்து மற்ற ஆன்டெனாவையும் திறந்துகொண்டு, பிறகு இரண்டு தாரைகளையும் வாங்குகிறது. மடை திறக்குமுன் கூவி அறிவிப்பதைப் போன்றது இது. பழைய மென்பொருளுள்ள பெட்டிகள் இவ்வறிவிப்பைச் சரியாகக் கவனியாமற்போனால் பொட்டலங்கள் வீணாகும். ஆதலால் பெட்டியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துவருவது நன்று.

ஓர் ஆன்டெனாக் கருவிகள் பல இருக்குமிடத்தில் மற்றொரு அனுகூலமும் கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டின் 802.11-ஏ.சி. நெறி, 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில், பல ஆன்டெனாப் பெட்டி ஒரே சமயத்தில் வெவ்வேறு கருவிகளுக்குத் தனித்தனித் தாரை அனுப்ப இடம் தந்தது. 2021-ஆம் ஆண்டின் 802.11-ஏ.எக்ஸ். நெறி, கருவிகள் பெட்டிக்கு அனுப்பும் திசையிலும் இதற்கு வழி செய்ததோடு, ஓர் அலைவரிசையையே சிறு பாத்திகளாக வகுத்துப் பல கருவிகளுக்கு ஒருங்கே கொடுக்கவும் இடம் தந்தது. ஆனால் இதற்குப் பெட்டி மட்டுமன்றிக் கருவியும் அந்நெறிக்கு உரியதாயிருக்க வேண்டும். பழைய சிறு கருவிகளை வைத்துக்கொண்டு புதிய பெட்டியை மட்டும் வாங்கினால் இப்பலன் கிட்டாது.

செய்யவேண்டிய காரியங்கள்

1. முதலில் ஒரு பட்டியல் எழுதுக. நிலத்திற்கு அடங்கல் இருப்பதைப்போல வலைக்கும் ஒன்று வேண்டும். கருவியின் பெயர், ஆன்டெனா எத்தனை, எந்தப் பட்டை, பெட்டிக்கு எவ்வளவு தூரம், தற்போதைய வேகம், எவ்வளவு தகவல், எத்தனை நிமிடத்திற்கொரு முறை என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேகத்தைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்திலேயே பெரும்பாலும் காணலாம்.

2. பட்டைகளைப் பிரித்துக் கொடுக்கவும். 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டை தூரம் எட்டும். 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் இடம் அதிகம், தூரம் குறைவு. கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றை 5-இலும், வயல் கருவிகளை 2.4-இலும் வைத்தால், மந்தமானவை வேகமானவற்றின் நேரத்தைத் தின்னமாட்டா.

3. 2.4 பட்டையில் 20 மெகா ஹெர்ட்ஸ் அகலமே போதும். 1, 6, 11 என்னும் மூன்று அலைவரிசைகளே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. பக்கத்து வீட்டார் எதனை வைத்திருக்கிறார் என்று பார்த்து, வேறொன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

4. நேரப் பங்கீட்டைத் திறந்துவைக்கவும். திறந்தபின் இரண்டொரு நாள் வயல் கருவிகள் தொடர்பறாமல் இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

5. மிகப் பழைய 1, 2 மெகாபிட் வேகங்களை நிறுத்துவதால் வானலை மீதமாகும். பெட்டி தன் இருப்பை விநாடிக்குச் சுமார் பத்து முறை அறிவிக்கிறது. அவ்வறிவிப்பு கடைசி வேகத்திலேயே செல்வது வழக்கம். ஆனால் தூரத்துக் கருவி அவ்வேகத்தை நம்பியிருக்குமாயின் அது அறுந்துபோகும். பட்டியலைப் பார்த்தபின்னரே இதனைச் செய்யவேண்டும்.

6. ஈரம் அளக்கும் கருவியை ஒவ்வொரு விநாடியும் பேசவிடுவது வீண். மண்ணின் ஈரம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. கால் மணிக்கு ஒரு முறை போதும். பேட்டரியும் நீடித்து உழைக்கும்.

ஆன்டெனாவை உயர்த்துதலே சிறந்த பங்கீடு

மேற்கண்ட ஏற்பாடுகள் யாவும் இருக்கும் நேரத்தைப் பகிர்வதற்கே. கடைமடைக் கருவி தன் வேலையை விரைவில் முடிக்கும்படி செய்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். 2 மெகாபிட் தகவல் அனுப்பும் காமிரா, 7.2 மெகாபிட் வேகத்தில் இருக்கும்போது நூற்றுக்கு 28 பங்கு நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் ஆன்டெனாவை நல்ல இடத்திற்கு மாற்றி வேகத்தை 28.9 மெகாபிட்டாக உயர்த்தினால் 7 பங்கே போதும். மீந்த 21 பங்கு மற்றவர்க்கு ஆகும். மண் வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசுவதால் கடைமடைக்காரர் மட்டுமன்றி எல்லோரும் பயனடைவது போன்றது இது.

பம்புசெட்டு அறையில் காணப்படும் பெருங்குறை, கட்டுப்பாட்டுக் கருவியை இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்து மூடுவது. இரும்பு அலையை மறைத்துவிடும். வெளி ஆன்டெனா மாட்டும் வகையை வாங்கி, ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே, கூடுமானால் கூரைக்கு மேலே, செங்குத்தாக நிறுத்த வேண்டும். இடையே செல்லும் கேபிள் குறுகியதாயிருத்தல் அவசியம். மெல்லிய சாதாரணக் கேபிளில் மூன்று மீட்டர் தூரத்திற்குள் அலையின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பயிரின் வளர்ச்சியையும் கவனிக்க வேண்டும். நட்ட காலத்தில் தடையின்றிச் சென்ற அலை, கரும்பு ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்ததும் மெலியும். ஈரமான இலைகள் அலையை உறிஞ்சுவதால் மழைக்காலத்தில் இன்னும் மெலியும். ஆகையால் ஆன்டெனாவின் உயரத்தை அறுவடைக் காலத்துப் பயிரின் உயரத்தை நினைத்தே முடிவு செய்ய வேண்டும். உயர்ந்த கம்பத்தில் ஆன்டெனா வைப்போர் இடிக்குத் தக்க பூமி இணைப்பும் செய்தல் வேண்டும்.

வைஃபை எட்டாத தொலை வயல்கள்

வைஃபை எட்டாத வயல்களுக்கு லோரா என்னும் மந்தகதி வானலை முறை வழங்குகிறது. இந்தியாவில் இதற்கு 865 முதல் 867 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை பயன்படுகிறது. இதிலும் விதி மாறுவதில்லை. பத்து எழுத்துள்ள சிறு செய்தியை அருகிலுள்ள கருவி விரைவான முறையில் சுமார் 0.06 விநாடியில் சொல்லிவிடும். தொலைவிலுள்ள கருவி மிக மந்தமான முறையில் அதனைச் சொல்லச் சுமார் ஒன்றரை விநாடி ஆகும். அருகிலுள்ள கருவிகள் வீணே மந்தமான முறையைக் கைக்கொள்ளாதபடி, வேகத்தை நிலையம் தானாகத் திருத்தும் ஏற்பாடு இம்முறையில் உண்டு. அதனைத் திறந்துவைத்து, நிலையத்தின் ஆன்டெனாவை உயரத்தில் நாட்டினால், அதே நிலையம் அதிகமான கருவிகளைத் தாங்கும்.

கிராம அலுவலகங்களில்

2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2015-இல் பாரத்நெட் என்று பெயர் மாற்றப்பட்ட திட்டத்தின்படி ஊராட்சிகளுக்கு ஒளியிழைக் கம்பி இடப்பட்டு வருகிறது. கம்பி வழியே எவ்வளவு வேகம் வந்தாலும், அலுவலகத்தில் அது வானலையில் இறங்கும் இடத்தில் மேற்கண்ட நெருக்கடி ஏற்படும். சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் ஜனங்கள் காத்திருக்கும் நேரத்தில், வாசலில் நிற்கும் ஒரு பழைய கைப்பேசி காட்சிப்படம் இறக்குவதால் அலுவலகக் கணினி தடைப்படலாகாது. அலுவலகக் கணினியைக் கம்பியில் இணைத்தல், பொதுமக்களுக்கு வேறு பெயருள்ள வலை வைத்தல், அவ்வலைக்கு நேரப் பங்கு வரையறுத்தல் ஆகிய மூன்றும் செய்தால் பெரும்பாலும் போதும். பழைய கைப்பேசிக்காரரை விலக்க வேண்டுவதில்லை. அவருடைய பங்கு அவருக்கு இருக்கட்டும்.

இந்தியாவில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டை 2005-ஆம் ஆண்டிலும், 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018-ஆம் ஆண்டிலும் தனி உரிமம் வேண்டாதவையாக அறிவிக்கப்பட்டன. உரிமம் வேண்டாத இடத்தில் தனிப் பாத்தியதையும் இல்லை. அடுத்தவர் வலையால் இடையூறு என்று வழக்காட வழியில்லை. ஆகவே அண்டை அயலார் கலந்து பேசி அலைவரிசைகளை ஒத்துக்கொள்வதும், விதித்த அளவுக்கு மேற்பட்ட வலிமையில் அலை வீசாதிருப்பதும் எல்லோருக்கும் நன்மை.

முடிவாக ஓர் எச்சரிக்கை

வலை எவ்வளவு சீராயிருந்தாலும் பம்புசெட்டின் பத்திரத்தை வானலையை மட்டும் நம்பி விடலாகாது. நீரின்றி ஓடினால் தானே நிறுத்தும் சாதனமும், கையால் நிறுத்தும் சுவிட்சும் மோட்டாரின் அருகிலேயே இருக்க வேண்டும். “குறித்த நேரத்திற்குள் மறு உத்தரவு வராவிடில் நீயே நின்றுவிடு” என்று கட்டுப்பாட்டுக் கருவியில் அமைத்துவிடுவதும் நல்ல காவல்.

புதிய பெட்டி வாங்கச் செலவிடுமுன், வீட்டிலுள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, எது அதிக நேரம் வானலையைப் பிடித்திருக்கிறது என்று பார்த்து, அதன் ஆன்டெனாவை முதலில் சீர்செய்வது சிக்கனமும் பயனுமுள்ள வழி. பட்டியல் எழுத ஒரு மாலைப் பொழுது போதும். நடவுக்கு முன் வாய்க்காலைத் தூர்வாருவதைப் போலப் பருவத்திற்கு ஒருமுறை இதனைச் செய்துவந்தால், வலை ஆண்டு முழுவதும் சீராக உழைக்கும்.